நான் கண்டுபிடித்த ஏணி ஆட்டம்

புதிதாகக் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு கோச்சாகியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் பேப்பரில் ஒரு படம் பார்த்தேன். ஜெயித்த கூடைப்பந்து அணி. நடுவில் கழுத்தே தெரியாத அளவுக்கு மாலை போட்டுக்கொண்டு கோச்சு நிற்கிறார். கோப்பை அவர் கையில் இருக்கிறது. ஆடிய பிள்ளைகள் ஓரத்தில் நிற்கிறார்கள். அதில் இரண்டு பேருக்குப் பாதி முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது. அதே பக்கத்தில் கீழே ஒரு சின்னச் செய்தி: தோற்ற அணியின் கோச்சை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஒருவர் மேதை, இன்னொருவர் மடையர். ஆட்டம் நடந்தபோது இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்கள்.

இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் மேதையாகவும் இருந்திருக்கிறேன், மடையனாகவும் இருந்திருக்கிறேன். இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரு வருஷ இடைவெளியில்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிறகு டிரில் மாஸ்டர் பயிற்சி. அதில் கூடைப்பந்தை மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மழை. அந்த இரண்டு நாள் ஞானத்தோடு அறுபதுகளின் தொடக்கத்தில் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், விடுதியோடு இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தேன். இரண்டு காட்டு மரங்களை நட்டு, கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு வளையத்தை மாட்டினோம். வலை கிடையாது. அதனால் பந்து வளையத்துக்குள் போனதா, வெளியே போனதா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

பிள்ளைகள் எல்லாரும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். சாமை விதைக்கிற, புளி உலுக்குகிற, தேன் எடுக்கிற வீடுகள். அவர்களில் சடையன் என்று ஒருவன். நெடுநெடுவென்று, எலும்பும் நரம்புமாக இருப்பான். பந்தை வாங்கினான் என்றால் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவான். அவனுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவன் வெள்ளையன், குள்ளமான பையன். சடையன் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே போடுவான். முதுகில் கண் இருக்கிறதோ என்று நினைப்பேன்.

முதல் வருஷம் மாவட்டப் போட்டி வாணியம்பாடியில் நடந்தது. மாசி மாதம். மலையிலிருந்து இறங்கும்போதே முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்: ஜெயித்தால் முடி இறக்குகிறேன் என்று. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கே பயமாகிவிட்டது. எதிரில் நின்றது அடிவாரத்துப் பள்ளி ஒன்று. அதன் கோச்சு தோல் வியாபாரக் குடும்பத்து மனிதர். என்னை விடப் பத்து வயது பெரியவர். பெயர் வேண்டாம், பாய் மாஸ்டர் என்றே சொல்கிறேன்.

இறுதி ஆட்டத்தில் நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். "போடு! போடு!" என்று கத்தினேன். யாருக்குப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டு, ஒரு குச்சியால் மண்ணில் கட்டம் போட்டு விளக்கினேன். ஐந்து பேரும் குனிந்து கவனமாகப் பார்த்தார்கள். என் நெஞ்சு நிறைந்தது. அப்போது சடையன் மெதுவாகச் சொன்னான்:

"சார், தண்ணிச் சொம்ப ஒதச்சிட்டீங்க. எல்லாம் ஊத்திகினு போவுது."

ஐந்து பேரும் பார்த்தது அதைத்தான்.

தண்ணீர் குடிக்காமலே போய் ஜெயித்துவிட்டார்கள். எனக்கு மாலை போட்டார்கள். கல்வி அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மலைப் பசங்கள வெச்சிகினு இப்படி ஒரு ஆட்டமா! பந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஓடுது, யாராலயும் புடிக்க முடியல. இன்னா ஆட்டங்க இது?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மாலை கழுத்தில் இருக்கும்போது அந்த மாதிரிப் பேச்சு வாயில் வராது, தம்பிகளே. எதிரில் பந்தல்காரர் தோரணம் அவிழ்க்க ஏணி சாத்திக்கொண்டிருந்தார்.

"ஏணி ஆட்டம்ங்க" என்றேன்.

"ஏணி! அடடா. படிப்படியா ஏறுது!" என்று அதிகாரி அதையும் அவரே விளக்கிக்கொண்டார்.

மலைக்குத் திரும்பி முடி இறக்கினேன். முருகனுக்கு மயிர், எனக்கு மாலை. இந்தப் பங்கீடு அன்றைக்கு எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மாவட்டத்து டிரில் மாஸ்டர்களையெல்லாம் கூட்டி, ஏணி ஆட்டத்தைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். கரும்பலகையில் ஏணி வரைந்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் வைத்தேன். ஏணிக்கு உயரம் முக்கியம், ஆகவே ஆட்டக்காரர்களும் உயரமாக இருக்க வேண்டும் என்று நான் அங்கேயே கண்டுபிடித்த ஒரு விதியையும் சொன்னேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பின் பெஞ்சியில் பாய் மாஸ்டர் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"இன்னா மாஸ்டர், ஏணி ரொம்ப உசரமா போட்டீங்களே. எறங்கறதுக்கு வழி வெச்சீங்களா?"

"தோத்தவங்களுக்குக் கோவம் வர்றது சகஜம் பாய்" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கி எங்க பசங்க மூணு பேரு நோன்பு. காலையிலிருந்து எச்சில் கூட முழுங்கல. அதனாலதான் தோத்தோம்னு நான் யாருகிட்டயாச்சும் சொன்னனா? சொல்ல மாட்டேன். உங்க பசங்க நல்லாத்தான் ஆடினாங்க. அதே மாதிரி நீங்களும் உங்க ஏணியால ஜெயிச்சோம்னு சொல்லாம இருக்கலாம்ல?"

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். தாகத்தோடு நின்ற பிள்ளைகளை என் வேண்டுதலுக்காக முருகன் தோற்கடித்தான் என்றால், அந்த முருகனை நான் எப்படிக் கும்பிடுவது? அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அப்படியானால் என் வேண்டுதலுக்கும் அந்தக் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி வந்த உடனே விட்டுவிட்டேன். பதில் தெரிந்தால் மாலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த வருஷம் வந்தது. நான் இப்போது பெரிய கோச்சு. சென்னையில் நடக்கும் கோச்சுப் பயிற்சிக்கு என் பெயரை அனுப்புவதாக அதிகாரி சொல்லியிருந்தார். இன்னொரு முறை ஜெயித்தால் போதும். அணியைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். என் விதிப்படி உயரம் வேண்டும். வெள்ளையன் குள்ளம். அவனைப் பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு, காளி என்கிற உயரமான பையனைச் சேர்த்தேன்.

சடையன் வந்து நின்றான். "சார், வெள்ளையன் இல்லன்னா எனக்குச் சரிப்படாது சார்."

"ஏணில படி மாறலாம்டா. ஏணி மாறாது."

"ஏணியா? இன்னா ஏணி சார்?"

ஒரு வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஆட்டத்தின் பெயர், அதை ஆடியவனுக்கே தெரியாது.

மறுபடி வாணியம்பாடி. இந்த முறை நோன்பு மாதம் முடிந்திருந்தது. மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி பாய் மாஸ்டரின் பிள்ளைகள். எங்கள் ஆட்டத்தில் ஏதோ கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. காளி கை நீட்டிக்கொண்டு நிற்பான், சடையன் அவனைத் தாண்டி வேறு யாரையோ தேடுவான். சடையன் கேட்கும்போது காளி தானே போடப் போய்த் தவறவிடுவான். அப்படியும் கடைசி வரை ஒரு கூடைதான் பின்னால் இருந்தோம். முடிய இன்னும் சில நொடிகள். பந்து சடையன் கையில். காளி கூடைக்குக் கீழே தனியாக நிற்கிறான், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

"காளிக்குப் போடு! காளிக்குப் போடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சடையன் காளியைப் பார்த்தான். பிறகு திரும்பிப் பெஞ்சியைப் பார்த்தான். அங்கே வெள்ளையன் எழுந்து நின்றிருந்தான். பந்து சடையன் கையிலேயே இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

பாய் மாஸ்டருக்கு மாலை விழுந்தது. மாலையோடு என்னிடம் வந்தார். "இன்னிக்கி நான் பெரிய ஆளு மாஸ்டர். போன வருஷம் கழுத. நடுவுல ஒரு வருஷத்துல நான் புதுசா ஒண்ணும் கத்துக்கல" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, "அந்தப் பையன திட்டாதீங்க. அவன் கண்ணு யாரையோ தேடிச்சு. யாரைன்னு பாருங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. பள்ளிக்கு வந்ததும் தலைமையாசிரியர் எழுத்தில் காரணம் கேட்டார். மாலை விழுந்த கழுத்து பழியைத் தாங்காது. எழுதினேன்: "ஆட்டக்காரன் சடையன் பயிற்சியாளரின் கட்டளையை மீறி, வேண்டுமென்றே பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டதால் தோல்வி ஏற்பட்டது." ஜெயித்தபோது 'என் ஆட்டம்' என்று வாயால் சொன்னேன். தோற்றபோது 'அவன் குற்றம்' என்று மையால் எழுதினேன். வாயால் சொன்னது காற்றோடு போகும். மை போகாது.

அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சடையனை விடுதியிலிருந்து நீக்கினார்கள். பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள். விடுதி இல்லை என்றால் பரீட்சையும் இல்லை. அவன் ஊரில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சையை எழுதியதில்லை. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் மைதானத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். "போய்ட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து நாள் ஆயிற்று. சந்தை நாளில் புளி விற்க வந்த சடையனின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, என் வீட்டுக்காரியோடு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போனதும் என் வீட்டுக்காரி சோறு போடாமல் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க தேன் எடுக்கறத பாத்திருக்கீங்களா?"

"இல்ல. இன்னாத்துக்கு?"

"பாறையில கயிறு கட்டி எறங்குவாங்களாம். மேல ஒருத்தன் கயித்தப் புடிச்சிகினு நிப்பானாம். அத மச்சான்காரன்தான் புடிக்கணுமாம். அண்ணன் தம்பி, பெரியப்பன் சித்தப்பன் புள்ள, யாரும் தொடக் கூடாதாம்."

"ஏன்?"

"கீழ இருக்கறவன் போய்ட்டா பங்காளிக்கு நெலத்துல பங்கு கூடும். மச்சானுக்கு இன்னா கூடும்? அவன் கூடப் பொறந்தவ தாலிதான் போவும். அதனால அவன் வுட மாட்டான். அந்தம்மா எனக்குச் சொல்லுச்சு, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டிருந்தது.

"அந்த வெள்ளையன் சடையனுக்கு மச்சான். போன வருஷம் ஆடின அஞ்சு பேர்ல மூணு பேரு ஒரு வம்சம், ரெண்டு பேரு அவங்களுக்குப் பொண்ணு குடுத்து எடுக்கற வம்சம். ஆபத்துன்னா புள்ளைங்க கண்ணு மச்சானத்தான் தேடும். பந்து இந்தாண்ட அந்தாண்ட போனது அதனாலதான். நீங்க பாத்து ஏணின்னு பேரு வெச்சீங்க. இந்த வருஷம் மச்சான எடுத்துட்டு யாரப் போட்டீங்க?"

"காளிய."

"காளியோட அப்பாவும் சடையனோட அப்பாவும் கூடப் பொறந்தவங்க. நாலு புளிய மரத்துக்காக மூணு வருஷமா ரெண்டு வூட்டுக்கும் பேச்சு வார்த்த கெடையாது." எழுந்து சோற்றுப் பானையை எடுத்தாள். "நீங்க சடையன பாறை மேலேர்ந்து எறக்கிவிட்டு, கயித்த பங்காளிகிட்டயே குடுத்துட்டு, ஏன்டா ஒழுங்கா ஏறலன்னு கேட்டிருக்கீங்க."

என் வாழ்க்கையில் கேட்ட விமர்சனங்களில் அதற்கு மேல் எதுவும் இல்லை. அவள் ஒரு கூடைப்பந்து ஆட்டம் கூடப் பார்த்ததில்லை.

தம்பிகளே, கோச்சால் ஓர் அணியை ஜெயிக்கவைக்க முடியுமா என்று என்னைக் கேட்டால், தெரியாது என்பேன். தோற்கவைக்க முடியும். அதற்கு நானே சாட்சி. எனக்கு வந்த புகழ் முழுக்கத் திருட்டு. எனக்கு வரவேண்டிய பழியை ஒரு பையன் தலையில் தகரப் பெட்டியோடு சேர்த்து வைத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். அன்றைக்கு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எடுத்துகினா? காரணம் யாருன்னு எழுதறது?"

"நான்தான்னு எழுதறேன் சார்."

"போன வருஷம் ஜெயிச்சதுக்கும் நீங்கதான் காரணம்னு அதிகாரி எழுதி அனுப்பின பேப்பர் இங்க இருக்கு. அது இன்னா ஆவறது?"

"அதையும் குடுத்துடுங்க சார்."

"சென்னைக்குப் போற பேரு அடிபட்டுடும். பரவால்லியா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தாளை எடுத்துப் போட்டார். எழுதினேன். உயரம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தது என் தவறு, பையன் மேல் குற்றம் இல்லை, ஏணி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. சென்னைக்குப் பிற்பாடு வேறொருவர் போனார். சடையனை மறுபடி விடுதியில் சேர்த்துக்கொள்ளும் உத்தரவு அன்றே என் சட்டைப் பைக்கு வந்தது. பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது.

அவன் ஊருக்கு நடந்தே போனேன். வீட்டில் அவன் இல்லை. "தேனுக்குப் போயிருக்கான்" என்று பாறை இருக்கும் பக்கத்தைக் காட்டினார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஏறினேன். பாறை விளிம்பில் வெள்ளையன் இருந்தான். கயிற்றை ஒரு மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தன் இடுப்பில் கட்டி, பின்னால் சாய்ந்து, காலை ஊன்றி நின்றான். கீழேயிருந்து புகை வந்தது. தேனீக்களின் இரைச்சல் காதை அடைத்தது. கயிறு இழுபட்டு நடுங்கியது.

அவ்வளவு சின்னப் பையன் தனியாகத் தாங்குகிறானே என்று பதறிப்போய், பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன்.

"சார்! நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

நின்றுவிட்டேன். "பரீட்சைக்கு உத்தரவு வாங்கிட்டு வந்திருக்கேன்டா. அவன மேல வரச் சொல்லு. நானும் ஒரு கை புடிக்கறேன்."

"வேணாம் சார்." மூச்சு வாங்கியது அவனுக்கு. கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அங்கயே நின்னு வேணா கத்துங்க சார். கயித்த மட்டும் தொடாதீங்க."

விளிம்புக்கு நாலடி இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "சடையா! எல்லாம் எந் தப்புடா! லெட்டர மாத்தி எழுதிட்டேன்! பரீட்சைக்கு வாடா!"

கீழேயிருந்து குரல் வந்தது. "யார்ரா அது மேல?"

"நம்ம டிரில் சாருடா!"

"கயித்துல கைய வெச்சிட்டாரா?"

"இல்லடா. கத்திகினுதான் கீறாரு!"

"அப்ப சரி. கத்தட்டும்" என்று கீழேயிருந்து சடையன் சொன்னான்.

கூடை நிறையத் தேனடையோடு மேலே வந்தான். முகத்தில் இரண்டு கொட்டு. உத்தரவை வாங்கி, தேன் ஒட்டிய விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தான். "நாளைக்கி வர்றேன் சார்" என்றான். வந்தான். எழுதினான். தேறினான். அந்தத் தேர்ச்சிக்குக் காரணம் தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ள எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தொடங்கி விடுதிக் காப்பாளர் வரை ஏழு பேர் இருந்தார்கள். நான் எட்டாவது ஆளாகப் போய் நிற்கவில்லை. அந்த ஒரு நல்ல புத்தியை முருகன் கொடுத்தான்.

அடுத்த வருஷம் அணியைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். சில வருஷம் ஜெயித்தார்கள், பல வருஷம் தோற்றார்கள். ஓய்வு பெறும் வரை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நன்றாகக் கத்தினேன்.